ரிசீவரின் பின்பக்கத்தைப் படியுங்கள்

படிவம் 5 தேர்வு முடிந்த விடுமுறையில் உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில் இரண்டு மாதம் வேலை செய்தேன். கிடைத்த சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்தேன். மீதியில் ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவர் வாங்கினேன். வெள்ளி நிற முகப்பு, கனமான அலுமினியக் குமிழ்கள், நீல வெளிச்சம் வீசும் அலைவரிசைப் பலகை. பழைய பொருள் கடையில் அதைப் பார்த்த கணமே மனம் அதில் ஒட்டிக்கொண்டது. “நல்லா வேலை செய்யும்” என்றார் கடைக்காரர். போட்டுக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இரவில் வானொலியில் பழைய பாடல்கள் கேட்பது அப்பாவின் வழக்கம். இனி இதில் கேட்பார் என்று நினைத்துக்கொண்டே, அதைப் பேருந்தில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

விசையைத் தட்டியதும் விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. இரண்டு விநாடிதான். ‘பட்’ என்று ஒரு சத்தம், கருகிய வாடை, பிறகு அமைதி.

அப்பா என்னைத் திட்டவில்லை. பெட்டியைத் திருப்பி, டார்ச்சு விளக்கை அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சிறு தகட்டில் ‘ஏசி 100 வோல்ட்’ என்று எழுதியிருந்தது. ஜப்பானிய வீடுகளுக்காகச் செய்யப்பட்ட பெட்டி அது. நம் வீட்டு மின்சாரமோ அப்போது 240 வோல்ட். இரண்டு மாத உழைப்பு இரண்டு விநாடியில் போய்விட்டது.

இன்று இசைத்தட்டுகள் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றோடு பழைய ரிசீவர்களையும் ஸ்பீக்கர்களையும் தேடும் இளையர்களும் இருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். உங்களில் யாராவது அப்படி ஒன்றை வாங்க நினைத்தால், என்னைப் போல் ஏமாறக் கூடாது. அதற்கு அதிகப் பணம் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் கையில் 300 வெள்ளி இருக்கிறது. கடையில் ஒரே விலையில் இரண்டு ஜோடிகள் உள்ளன.

முதலாவது: 100 வாட் ரிசீவர், பளபளக்கும் முகப்பு, 100 வோல்ட். அதனுடன் பெரிய ஸ்பீக்கர்கள். அவற்றின் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு விரலால் தொட்டால் பொடியாக உதிர்கிறது.

இரண்டாவது: 30 வாட் ரிசீவர், கீறல் விழுந்த முகப்பு, 240 வோல்ட். அதனுடன் சிறிய ஸ்பீக்கர்கள். அவற்றின் ரப்பர் விளிம்பு இன்னும் நெகிழ்வாக இருக்கிறது.

எதை வாங்குவீர்கள்? பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று கருவிகள், ஒரே பெட்டி

ரிசீவர் என்பது மூன்று கருவிகள் அடங்கிய பெட்டி. வானொலி அலையைப் பிடிக்கும் டியூனர் ஒன்று. எந்த ஒலியைக் கேட்பது, எவ்வளவு சத்தம், தாழ்ந்த ஒலி எவ்வளவு, உயர்ந்த ஒலி எவ்வளவு என்பவற்றைக் கட்டுப்படுத்தும் முன்பெருக்கி இரண்டாவது. ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு மின்திறன் தரும் திறன்பெருக்கி மூன்றாவது. இடம், வலம் என்று இரண்டு தடங்களில் இவை வேலை செய்வதால் அதை ஸ்டீரியோ என்கிறோம்.

இரு தட இசைத்தட்டுகள் 1958இல் கடைகளுக்கு வந்தன. அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பு 1961இல் தொடங்கியது. டிரான்சிஸ்டர் மலிவானதும், 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் ரிசீவர் தயாரிப்பில் ஒன்றோடு ஒன்று போட்டியிட்டன. யார் பெட்டியில் அதிக வாட் என்பதுதான் போட்டி. பயனீர் நிறுவனம் 1978இல் வெளியிட்ட எஸ்எக்ஸ்-1980 ஒரு தடத்துக்கு 270 வாட் தந்தது. அதன் எடை ஏறத்தாழ 35 கிலோகிராம். ஒருவர் தனியாகத் தூக்குவது கடினம்.

அந்தப் போட்டியால் நமக்கு ஒரு நன்மை கிடைத்தது. பெரிய மின்மாற்றி, தடித்த உலோகக் கூடு, தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய உறுப்புகள் என்று பல பெட்டிகள் உறுதியாகச் செய்யப்பட்டன. அதனால்தான் 40, 50 ஆண்டுகள் கழித்தும் அவற்றைப் பழுது பார்க்க முடிகிறது. குப்பைக்குப் போக வேண்டிய மின்கருவி இன்னும் 20 ஆண்டு பாடினால் அதுவும் நல்லதுதான்.

ஆனால் பழையது என்பதாலேயே ஒலி சிறந்துவிடாது. இன்றைய சிறிய பெருக்கி ஒன்று, அளவுகளில் பழைய ரிசீவரை எளிதாக வெல்லக்கூடும். பழையதை வாங்குவதில் பொருள் இருக்கிறதா என்பது, கையில் இருக்கும் பெட்டியின் நிலையைப் பொறுத்தது.

வோல்ட்: சின்ன எண், பெரிய சேதம்

பெட்டியைத் திருப்பியதும் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட் எண். மலேசியாவின் தர மின்னழுத்தம் இப்போது 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். சில ஏற்றுமதி மாதிரிகளின் பின்பக்கத்தில், 110, 120, 220, 240 என்று மாற்றிக்கொள்ளும் சிறு திருகு இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். மின்செருகி நம் நாட்டு மூன்று முனைச் செருகி என்பதால் உள்ளே இருப்பதும் 240 வோல்ட் என்று நம்பிவிடாதீர்கள். செருகியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

என் பெட்டி ஏன் எரிந்தது? மாறாத மின்தடையில் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 100 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட் கொடுத்தால் மின்னழுத்தம் 2.4 மடங்கு. திறனோ 2.4 × 2.4, அதாவது 5.76 மடங்கு. விளக்குகள் கண்ணைக் கூசியது இதனால்தான்.

மின்மாற்றியின் நிலை இன்னும் மோசம். அதன் இரும்பு உள்ளகம் ஓர் அளவுக்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது. அந்த எல்லை தாண்டியதும் கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. பெட்டியின் மின்தேக்கிகளும் தங்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் சந்திக்கின்றன. உருகி மட்டும் எரிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

100 வோல்ட் பெட்டியைப் பயன்படுத்தவே முடியாதா? முடியும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றை வெளியே வைக்க வேண்டும். ரிசீவர் எடுத்துக்கொள்ளும் திறனைவிட அந்த மின்மாற்றியின் திறன் தாராளமாக இருக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் அந்த ரிசீவரை நேரே சுவரில் செருகிவிடாதபடி பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

ஜப்பானியப் பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை நீண்ட காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது. நம்மிடம் அது 87.5 முதல் 108 வரை. ஆகவே அந்த நாட்டுக்கென்றே செய்த பழைய டியூனர், 90க்கு மேல் உள்ள எந்த நிலையத்தையும் பிடிக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3இல் வரும் ராகாவும் கிடைக்காது. ஜொகூரில் இருப்பவர்கள் கேட்கும் சிங்கப்பூரின் ஒலி 96.8உம் கிடைக்காது. என் பெட்டி எரியாமல் இருந்திருந்தாலும், அப்பா விரும்பிய நிலையம் அதில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. இதற்கு மட்டும் பின்பக்கம் போக வேண்டாம். முகப்பில் உள்ள அலைவரிசைப் பலகை எந்த எண்ணில் முடிகிறது என்று பார்த்தாலே போதும்.

எத்தனை வாட் போதும்?

பின்பக்கத் தகட்டில் ‘120 வாட்’ என்று இருந்தால், “இது 120 வாட் செட்டு” என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். அது பெரும்பாலும் பெட்டி சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் திறன் அதைவிடக் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விளம்பரங்களும் ஒரு காலத்தில் வாட் எண்ணை ஊதிப் பெருக்கின. ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சத் திறனைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். அதனால் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1974இல் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பெருக்கியின் திறனைத் தொடர்ந்து தரக்கூடிய அளவில், குறிப்பிட்ட முறைப்படி அளந்துதான் விளம்பரப்படுத்த வேண்டும் என்றது அந்த விதி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் சிலவற்றின் பெயரே திறனைச் சொல்லும். மராண்ட்ஸ் 2230 என்றால் ஒரு தடத்துக்கு 30 வாட். மராண்ட்ஸ் 2270 என்றால் 70 வாட்.

அப்படியானால் 70 வாட், 30 வாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் சத்தமா? இல்லை. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

ஒலியின் அளவை டெசிபெல்லில் அளக்கிறோம். திறனை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். அது காதுக்குத் தெரியும், ஆனால் சிறிய மாற்றம். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குத் திறனைப் பத்து மடங்காக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஓர் எண் உண்டு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அது. உங்கள் ஸ்பீக்கர் 88 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால், திறந்த வெளிக் கணக்கின்படி 6 டெசிபெல் குறைந்து 82 ஆகும். இரண்டு ஸ்பீக்கர்கள் என்பதால் 3 சேர்ந்து 85. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் உண்மையில் இன்னும் சற்று அதிகமாகவே இருக்கும்.

அதாவது, தடத்துக்கு 1 வாட்டிலேயே 85 டெசிபெல் வந்துவிட்டது. இது சாதாரணமாகப் பேசும் குரலைவிட மிக அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். 80க்கு மேல் போகப் போக, பாதுகாப்பான நேரம் வேகமாகக் குறையும்.

மீதி வாட் எதற்கு? இசையில் மத்தள அடி போன்ற இடங்கள் சராசரியைவிட 10, 15 டெசிபெல் எழும். அந்த நொடியில் 10 முதல் 30 வாட் தேவைப்படும். 30 வாட்டில் நம் கணக்கு ஏறத்தாழ 100 டெசிபெல்லைத் தொடுகிறது. ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்கு இது தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது அதற்கு முன்பே நடந்துவிடும்.

ஸ்பீக்கரின் உணர்திறன் வாட்டைவிட முக்கியம் என்பதும் இதிலிருந்து விளங்கும். 82 டெசிபெல் ஸ்பீக்கர், 88 டெசிபெல் ஸ்பீக்கரின் அளவுக்குச் சத்தம் தர நான்கு மடங்கு திறன் கேட்கும். 88 டெசிபெல் ஸ்பீக்கருடன் சேர்ந்த 30 வாட் ரிசீவர், 82 டெசிபெல் ஸ்பீக்கருடன் சேர்ந்த 100 வாட் ரிசீவரைவிடச் சற்று அதிகமாகவே சத்தம் எழுப்பும்.

ஸ்பீக்கர் எங்கே முதுமை அடைகிறது?

ஸ்பீக்கர் வேலை செய்யும் விதம் உங்கள் இயற்பியல் பாடத்தில் உள்ளதுதான். காந்தப்புலத்தில் உள்ள கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி மீது விசை ஏற்படும். கம்பிச் சுருள் முன்னும் பின்னும் ஆடும்போது அதில் ஒட்டிய கூம்பும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. சேஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் வெளியிட்ட வடிவமைப்பே இன்றைய ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை.

நல்ல தாழ்ந்த ஒலிக்குப் பெரிய பெட்டி தேவைப்பட்டது. 1954இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் அதை மாற்றியது. கூம்பை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார் அவர். உள்ளே அடைபட்ட காற்றே கூம்பைத் திரும்ப இழுக்கும் வில்லாக வேலை செய்தது. சிறிய பெட்டியில் ஆழமான ஒலி வந்தது. ஆனால் இவ்வகை ஸ்பீக்கர்களின் உணர்திறன் குறைவு. பெருக்கியிடம் அதிக வாட் கேட்டன. பின்னால் வந்த வாட் போட்டிக்கு இதுவும் ஒரு காரணம்.

கூம்பு ஆட, அதன் ஓரத்தில் நெகிழ்வான ஒரு விளிம்பு வேண்டும். பழைய ஸ்பீக்கர் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். பல நிறுவனங்கள் பாலியூரித்தேன் நுரையில் விளிம்பு செய்தன. காற்றில் உள்ள ஈரம் அந்த நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டுகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெளிச்சமும் வெப்பமும் அதற்குத் துணை போகின்றன. 10 முதல் 20 ஆண்டுகளில் நுரை பிசுபிசுத்து அல்லது பொடியாகி உதிர்ந்துவிடும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் நுரைக்கு நீண்ட ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஸ்பீக்கரைப் பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும். “புதுசு மாதிரி, போடவே இல்லை” என்ற சொல்லில் மயங்க வேண்டாம்.

ரப்பர் விளிம்பும் துணி விளிம்பும் இதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆகவே கடையில் முதல் வேலை, முன்பக்க வலைத் துணியைக் கழற்றிப் பார்க்கக் கேட்பது. விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். நெகிழ்ந்து மீள வேண்டும். பிறகு பெரிய கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக, மிக லேசாக உள்ளே அழுத்துங்கள். அரைக்கும் சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் உரசுகிறது, வேண்டாம். உயர்ந்த ஒலிக்கான சிறிய குவிமாடத்தை மட்டும் தொடவே கூடாது. அது மிக மெல்லியது.

நுரை கெட்ட ஸ்பீக்கரைக் குப்பையில் போட வேண்டியதில்லை. புது விளிம்பு ஒட்டித் தரும் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஓம் எண் பொருந்துகிறதா?

ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் 4, 6, 8 என்று ஓர் ஓம் எண் இருக்கும். ரிசீவரின் பின்பக்கத்தில் ‘குறைந்தது 8 ஓம்’ அல்லது ‘4 முதல் 16 ஓம்’ என்பது போல் எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் எண் அந்த எல்லைக்குக் கீழே போகக் கூடாது. ஓம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். பெருக்கியின் டிரான்சிஸ்டர்கள் சூடேறும்.

பல ரிசீவர்களில் ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்கு இடம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பெரும்பாலான பெட்டிகளில் அவை பக்க இணைப்பாகச் சேரும். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். 2 ஓம் பெரும்பாலான பழைய ரிசீவர்களுக்கு ஆபத்து.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் பன்மானி கையில் இருந்தால் ஸ்பீக்கர் முனைகளில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6 ஓம் அருகே காட்டும். அது தவறல்ல. பன்மானி நேர்மின்னோட்டத் தடையை மட்டும் அளக்கிறது. 8 என்பது இசை போன்ற மாறுமின்னோட்டத்துக்கான மின்மறுப்பு. எண் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

கடையில் பதினைந்து நிமிடம்

போட்டுக் காட்டாத எதையும் வாங்காதீர்கள். வோல்ட் எண்ணைப் பார்த்த பிறகு, கடைக்காரரையே இணைத்துப் போடச் சொல்லுங்கள். கைப்பேசியையும் அதற்கான இணைப்புக் கம்பியையும் கொண்டு போனால் உங்களுக்குப் பழக்கமான பாடலையே போட்டுக் கேட்கலாம்.

சத்தக் குமிழைக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்குங்கள். பல ரிசீவர்களில் சில விநாடிகள் கழித்து ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே உள்ள சுற்று, வெளியேறும் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஸ்பீக்கரை இணைக்கும் சத்தம் அது. அந்த வசதி உள்ள பெட்டியில் ‘கிளிக்’ வரவே இல்லை என்றால் ஏதோ கோளாறு.

பாட்டு இல்லாமல் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த ரீங்காரம் பலமாகக் கேட்டால், மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய மின்தேக்கிகள் தளர்ந்திருக்கலாம். இந்த மின்தேக்கிகளுக்குள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக அது காயும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ரிசீவர் மேல் பூவேலைத் துணி விரித்துப் பூச்சாடி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது காற்றோட்டத் துளைகளை அடைத்துப் பெட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

அடுத்து, ஒவ்வொரு குமிழையும் விசையையும் திருப்பிப் பாருங்கள். கரகர என்றால் பயப்பட வேண்டாம். உள்ளே தூசும் துருவும் படிந்திருக்கும். பழுதுபார்ப்பவர் அதற்கான தெளிப்பானால் சுத்தம் செய்வார். ஆனால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தால், இடம் வலக் கம்பிகளை மாற்றிப் போடுங்கள். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் கோளாறு ரிசீவரில். மாறாவிட்டால் ஸ்பீக்கரில். நல்ல சோதனை என்பது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று அறிவியல் வகுப்பில் படித்தோமே, அது இங்கே உதவுகிறது.

வயிற்றில் அதிர வேண்டிய தாழ்ந்த ஒலி மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கலாம். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். சிவப்பைச் சிவப்பில் போட்டால் சரியாகும்.

கடைசியாக ஒரு கண்டிப்பான வார்த்தை. மூடியைக் கழற்றாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உள்ளே வேலை இருந்தால் அது தெரிந்தவரின் வேலை. பழைய மின்கம்பியின் உறை வெடித்திருந்தால், போட்டுப் பார்ப்பதற்கு முன் அதை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது பதில் சொல்லுங்கள்

இரண்டாவது ஜோடி என்று சொன்னீர்களா? சரியான பதில். முதல் ஜோடிக்கு மின்மாற்றி வாங்க வேண்டும், நுரை மாற்ற வேண்டும், வானொலியும் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். 300 வெள்ளி 300 வெள்ளியோடு நிற்காது. இரண்டாவது ஜோடி, கீறலோடு, அன்றைக்கு இரவே பாடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு காசில்லாமல் ஒலியைச் சரிப்படுத்தும் வழி ஒன்று உண்டு. ஸ்பீக்கர்களை இடம் மாற்றுவது. சுவர் மூலைக்கு நெருக்கினால் தாழ்ந்த ஒலி கூடும். அளவு மீறினால் குழம்பும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பதுபோல் வைத்து, சிறிய குவிமாடம் காது உயரத்துக்கு வரச் செய்யுங்கள். பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவே, யாரும் இல்லாத இடத்திலிருந்து வருவதுபோல் கேட்கும்.

எரிந்துபோன அந்தப் பெட்டிக்குப் பிறகு ஓராண்டு கழித்து இன்னொரு ரிசீவர் வாங்கினேன். இந்த முறை அப்பாவும் கூட வந்தார். கடையில் முகப்பை அவர் பார்க்கவே இல்லை. நேரே பெட்டியைத் திருப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 240 வோல்ட். தடத்துக்கு 25 வாட். அன்றிரவு நாற்காலியில் சாய்ந்தபடி பழைய பாடல்களைக் கேட்டவர், மூன்றாவது பாடலில் உறங்கிவிட்டார். சத்தத்தைக் குறைக்க எழுந்தேன். குமிழ் கால்வாசி கூடத் திரும்பியிருக்கவில்லை.

செய்து பாருங்கள்

கைப்பேசியில் ஒலி அளவைக் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டு ஸ்பீக்கரில் ஒரே அளவில் தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலை (நிலையம் இல்லாத இடத்தில் வானொலி எழுப்பும் ‘ஸ்ஸ்’ சத்தம் போதும்) மிதமான சத்தத்தில் வைத்து, 50 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் தூரங்களில் அளந்து எழுதுங்கள். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறதா? குறையாவிட்டால் ஏன்? அதே சோதனையைத் திடலிலும், நான்கு சுவருக்குள்ளும் செய்து எண்களை ஒப்பிடுங்கள். உங்கள் அறை ஒலியை எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதை அந்த வித்தியாசம் சொல்லும்.